ஞாயிறு காலை ராயபுரம்: பெரிய ஃபிலிம் கேமரா சந்திப்பு

நண்பர்களே, வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு ராயபுரம் ரயில் நிலைய வாசலில் கூடுகிறோம். 4×5 அங்குலத் தனித்தனித் தாளாக ஃபிலிம் போடும் ஷீட் ஃபிலிம் கேமரா ஒன்றும், 35 எம்.எம்.-ஐவிட அகலமான 120 ரோல் ஃபிலிம் போடும் கேமராக்கள் சிலவும் வருகின்றன.

வழக்கமான சின்ன 35 எம்.எம். ஃபிலிம் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சின்ன பிரின்ட்டுக்குத் தாராளமாகப் போதும். 16×20 அங்குலம் என்றால் கதை வேறு. அதற்கு 35 எம்.எம். நெகட்டிவை ஏறக்குறைய 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். 4×5 ஷீட்டை 4 மடங்குதான். 1856-இல் திறந்த அந்த நிலையக் கட்டடத்தின் தூண் வேலைப்பாடு கிரெயினில், அதாவது ஃபிலிமின் புள்ளித் துகள்களில், கரையாமல் நிற்கும்.

ட்ரைபாட் இல்லாமல் வராதீர்கள். லென்ஸ் துளையை எஃப் 22 அளவுக்குச் சிறிதாக மூடினால் காலை வெளிச்சத்தில் ஷட்டர் அரை நொடிகூட இழுக்கும். சிலர் கேட்ட காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை வேண்டாம் என்றதும் இதனால்தான். ஆடுகிற படகு கலங்கிவிடும். மீன் வாங்க ஆசைப்பட்டவர்கள் அப்புறம் போய்க்கொள்ளலாம்!

4×5 கேமராவின் பின்னால் போர்த்தும் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் கண்ணாடித் திரையில் நிலையம் தலைகீழாகத் தெரியும். கேமராவை அண்ணாந்து சாய்க்காமல், லென்ஸ் பலகையை மட்டும் மேலே ஏற்றிப் பாருங்கள். தூண்கள் உச்சியில் குறுகாமல் நிமிர்ந்து நிற்கும். ஆளுக்கொரு முறை செய்து பார்க்கலாம்.

ஃபிரிட்ஜில் இருக்கும் ஃபிலிமை முந்தின இரவே வெளியே எடுத்துவையுங்கள். குளிர் விடும்வரை உறையை மட்டும் பிரிக்க வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் வேர்த்துவிடும்.

நடைமேடைக்குள் ட்ரைபாட் வேண்டாம், சாலைப் பக்கம் மட்டுமே. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.