தொப்பிக்காரியைப் பற்றி

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். அவர் சுபாவம் எனக்குத் தெரியாதா! இங்கே எல்லாரும் சௌக்கியம். இவர் ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டு மிக்ஸி, ஃபேன் எதையும் விட்டுவைப்பதில்லை, கழற்றிப் போட்டுவிடுகிறார்.

உன் மகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இருந்த படத்தைப் பார்த்து, "நம்ம லேப்ல இருந்த அதே தொப்பிக்காரிதானே?" என்று கேட்டிருந்தாய். அவளேதான் டி. இமேஜ் ப்ராசஸிங்கில், அதாவது கணினியில் படங்களைக் கையாளும் பாடத்தில், ப்ரோகிராமைச் சோதிக்க உலகம் முழுக்க எல்லாரும் ஓட்டிய அதே சோதனைப் படம். அவள் யாரென்று அன்றைக்கு நமக்கு யாரும் சொல்லவில்லை.

1973-இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் சாச்சுக் என்ற உதவிப் பேராசிரியர், ஒரு மாநாட்டுக் கட்டுரைக்காக ஸ்கேன் செய்ய அவசரமாகப் படம் தேடியிருக்கிறார். வழக்கமான டி.வி. சோதனைப் படங்கள் அலுத்துப்போயிருந்தன. பளபளப்பான தாளில் ஒரு மனித முகம் வேண்டும். அந்த நேரம் பார்த்து யாரோ ப்ளேபாய் பத்திரிகையோடு உள்ளே வந்தார்களாம். 1972 நவம்பர் இதழ், எழுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. நடுப்பக்கத்தில் லெனா ஃபோர்சென் என்ற ஸ்வீடன் நாட்டுப் பெண். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ், நடுவில் சொல்லிக்கொள்ளும்படி உடை இல்லை. மேல்பகுதியைக் கிழித்து ஸ்கேனர் உருளையில் சுற்றினார்கள். அந்த இயந்திரம் அங்குலத்துக்கு நூறு கோடு படிக்கும். வேண்டியது 512-க்கு 512 புள்ளிகள். ஆக, 5.12 அங்குலம். படம் தோளோடு நின்றதற்குக் காரணம் கூச்சம் இல்லை, இந்தக் கணக்குத்தான்.

"முகம் மட்டும்தானே, இதில் என்ன ஆபாசம்?" என்று எங்கள் துறையிலேயே ஒருவர் கேட்டார். ஆபாசம் என்று நானும் சொல்லவில்லை. ஆண்களுக்கென்றே அச்சடித்த பத்திரிகை ஒன்று பல்கலைக்கழக லேபுக்குள் யாருக்கும் உறுத்தாமல் வர முடிந்ததே, அதைத்தான் சொல்கிறேன். பார்க்கிறவன் ஆண், பார்க்கப்படுகிறவள் பெண் என்பதுதான் அந்தப் பத்திரிகையின் பிழைப்பு. கிழித்த தாளோடு அதுவும் சேர்ந்து நம் பாடத்துக்குள் வந்துவிட்டது. நம் சோதனைப் படங்களை வரிசையாக நினைத்துப் பார்: பபூன் குரங்கு, குடைமிளகாய், லெனா, அப்புறம் அந்த 'கேமராமேன்'. அந்த ஆண் கோட் போட்டுக்கொண்டு, முக்காலியில் கேமராவை வைத்து வேலை பார்க்கிறார். பெண்ணுக்கு வேலை எதுவும் இல்லை. வெறுந்தோளோடு திரும்பிப் பார்க்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்து எத்தனை தடவை ஓட்டியிருப்போம்!

மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. இமேஜ் ப்ராசஸிங்குக்காக நடத்தும் ஆய்விதழின் ஆசிரியர் டேவிட் மன்சன் 1996-லேயே காரணத்தை மறைக்காமல் எழுதினார். நுணுக்கம், சமதளம், நிழல் எல்லாம் இந்தப் படத்தில் நன்றாகக் கலந்திருக்கின்றன. தவிர, இது அழகான பெண்ணின் படம், துறையில் பெரும்பாலும் ஆண்கள். முதல் காரணம் குடைமிளகாய்க்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

லெனாவுக்கே 1988-இல் ஒரு ஸ்வீடன் கணினிப் பத்திரிகை பேட்டி எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. 1997-இல் இந்தத் துறையின் மாநாடு ஒன்றுக்கு விருந்தினராகவே போனார். படத்தைப் பற்றிப் பெருமைதான். பணம் இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம் என்பதே குறை. சரி, அது அவர் விருப்பம். ஆனால் "அவரே ஒன்றும் சொல்லவில்லையே" என்று மற்றவர்கள் நியாயம் பேசும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது. பதினைந்து வருஷம் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள், கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. 2019-இல் ஓர் ஆவணப்படத்தில், மாடலிங்கிலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றேன், இனி டெக்னாலஜியிலிருந்தும் பெறலாம் என்று அவரே சொன்னார். 2024 ஏப்ரல் 1 முதல் ஐ.இ.இ.இ. கம்ப்யூட்டர் சொசைட்டி இந்தப் படம் உள்ள புதிய கட்டுரைகளை ஏற்பதில்லை. இதனால் மட்டும் லேபில் பெண்கள் கூடிவிடப் போவதில்லை. ஆனாலும் இதற்கே ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது!

இன்னொன்று கேள். டியன்னா நீடல், ரேச்சல் வார்டு என்று இரண்டு கணித ஆய்வாளர்கள், 2013-இல் ஒரு கட்டுரையில் லெனாவுக்குப் பதில் ஃபேபியோ என்ற ஆண் மாடலின் படத்தைப் போட்டார்கள். நீள முடி, கட்டுமஸ்தான ஆள். அவருடைய ஏஜென்டிடம் கேட்டு அனுமதியும் வாங்கினார்கள். படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

எங்கள் லேப் மேனுவலில் இப்போது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். ஒரு மாணவி எடுத்த படம். மல்லிகைக் குவியலில் வேண்டிய அளவு நுணுக்கம், தராசுத் தட்டில் சமதளம், சாக்கில் இழை. படத்தில் விளிம்புகளைக் கண்டுபிடிக்கும் எட்ஜ் டிடெக்‌ஷனுக்கு அருமையாக வருகிறது. வேண்டுமென்றால் உன் மகளுக்கு அனுப்புகிறேன். ரிப்போர்ட் பைண்டிங்குக்குப் போய்விட்டதென்றால் வேண்டாம், பாவம், திரும்ப எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும். வைவாவில் எக்ஸ்டர்னல் "ஏன் இந்தப் படம்?" என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்லட்டும், மார்க் குறையாது.

தையில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நீ வந்தே ஆக வேண்டும். இரண்டு நாள் முன்னதாகவே வா, பத்திரிகை தனியாக அனுப்புகிறேன்.

அன்புடன்,
வசந்தி