மங்கைக்கு, வீட்டு விதி பற்றி

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி பேப்பர் படிக்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயம். புதிதாக எழும் குடியிருப்புகளில் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தர வேண்டும் என்று உங்கள் நகராட்சி விதி கொண்டுவரப்போகிறது. 10 சதவீதமா 20 சதவீதமா என்றுதான் சண்டையே என்று எழுதியிருந்தாய். நான் அங்கே இருந்தால் முதலில் வேறொன்றைக் கேட்பேன். அந்த வீடு எத்தனை வருஷத்துக்கு அந்த விலையில் இருக்கும்?

அமெரிக்காவில் மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) 1974லேயே இப்படிச் சட்டம் போட்டது. பில்டர்களுக்கு நஷ்டம் வராமல் இருக்க, அதே நிலத்தில் கூடுதல் வீடுகள் கட்டவும் அனுமதித்தார்கள். ஆனால் சொந்தமாக வாங்கும் வீட்டுக்கு விலைக் கட்டுப்பாடு ஆரம்பத்தில் 5 வருஷம்தான். பிறகு சந்தை விலைக்கு விற்கலாம். விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் விற்பார்கள். ஆனால் அடுத்து வரும் ஏழைக் குடும்பத்துக்கு அந்த வீடு கைநழுவிப் போய்விட்டது. காலத்தை 10 வருஷமாக்கி, 2005இல்தான் 30 ஆக்கினார்கள். வாடகை வீட்டுக்கு 99.

அதே கவுண்டியில் மனதைத் தொட்ட விஷயமும் உண்டு. இந்த வீடுகளில் ஒரு பகுதியை அரசு வீட்டுவசதி அமைப்பே வாங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. யாருக்கு எந்த வீடு என்பது குலுக்கல் போலத்தான் அமைந்தது. ஹெதர் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் அந்தக் குழந்தைகளின் படிப்பைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2010இல் எழுதினார். வசதியான பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிக்குப் போனவர்கள், தொடக்கப் பள்ளி முடிவதற்குள் வசதியான பிள்ளைகளுடன் கணக்குப் பாடத்தில் இருந்த இடைவெளியைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது ஒரு குழந்தைக்கு இவ்வளவு செய்யும், மங்கை! அதனால்தான் ‘வீட்டுக்குப் பதில் பணம் கட்டிவிடுகிறோம்’ என்று பில்டர் கேட்டால் சட்டென்று தலையாட்டாதீர்கள் என்கிறேன். அந்தப் பணத்தில் வீடு வந்தாலும், நிலம் மலிவாகக் கிடைக்கும் ஊர்க்கோடியில்தான் வரும்.

ஒரே வளாகத்தில் கட்டினாலும் பிரித்துவைக்க வழி கண்டுபிடிப்பார்கள். லண்டனில் ஒரு குடியிருப்பில் சமூக வீடுகளில் (குறைந்த வாடகை வீடுகளில்) இருந்த பிள்ளைகள் பொது விளையாட்டு மைதானத்துக்குள் போக முடியாதபடி வேலி இருந்தது 2019இல் வெளியே வந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் வழி திறந்தார்கள். வாசல், லிஃப்ட், விளையாடும் இடம் எல்லாருக்கும் பொது என்று விதியிலேயே இருக்கட்டும்.

பில்டர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நிலத்தை வாங்கி முடித்த பிறகு சதவீதத்தை ஏற்றினால் கணக்கு உதைக்கும். இங்கிலாந்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாகப் பேரம் பேசப்போய், ‘லாபம் வராது’ என்று கணக்குக் காட்டி வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் ஏராளம். விதி முன்கூட்டியே தெளிவாக இருந்தால், நிலம் வாங்கும்போதே அதற்கேற்ற விலை பேசுவார்கள்.

வரைவின் நகல் கிடைத்தால் அனுப்பு, வரிவரியாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசித் தேதி என்ன என்பதையும் எழுது.

அன்புடன்,
சரோஜா