‘இன்றைக்குக் குகை இல்லை’ என்று சொல்லப் படகு ஓட்டுநரை விடுங்கள்

தீவுப் படகுச் சுற்றுலா நடத்துகிற முதலாளிகளுக்கும், அதற்கு டிக்கெட் விற்கும் முகவர்களுக்கும்,

வணக்கம்.

அரை நாள் பயணத்துக்கு நீங்கள் வைக்கும் பலகை எந்தக் கடற்கரையிலும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கிறது. காலையில் கிளம்பலாம், இரண்டு மூன்று தீவுகள், தெளிந்த தண்ணீரில் நீச்சல், கடல் குகைக்குள் படகு, மதியத்துக்குள் கரை. அந்தப் பலகையைப் பார்த்து நான் பலமுறை டிக்கெட் எடுத்திருக்கிறேன், இனியும் எடுப்பேன். நீந்தத் தெரிந்தவர், தெரியாதவர், வயதானவர், குழந்தை என எல்லாரும் ஒரே படகில் ஏறி ஒரே கடலைப் பார்த்துவிட்டு வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்தப் பலகையில் இருக்கும் ‘கடல் குகைக்குள் படகு’ என்ற மூன்று சொற்களைப் பற்றி உங்களோடு பேச வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு அக்காவோடும் அவள் பன்னிரண்டு வயது மகளோடும் இப்படி ஒரு பயணம் போனேன். படகில் இருபது பேர் இருப்போம். முதல் நிறுத்தத்தில் நீந்தினோம், அது நன்றாகவே நடந்தது. அப்புறம் குகை. படகை வாசலுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, ஓட்டுநர் அலையையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்று இல்லை, வெயில் அடிக்கிறது, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுவழுவென்று கிடக்கிறது. ஆனாலும் அவர் எஞ்சினைக் கூட்டவில்லை. “இன்னைக்கு வேண்டாம்னு தோணுது” என்றார். உடனே படகு முழுக்க முணுமுணுப்பு. டிக்கெட்டில் குகை என்று போட்டிருக்கிறதே என்று ஒருவர் எடுத்துக் காட்டினார். “இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வந்துடலாமே” என்று சொன்னது நான். அவர் அலுவலகத்துக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. போனை வைத்த பிறகு அவர் முகம் மாறியிருந்தது, படகு உள்ளே போனது.

உள்ளே போய் ஒரு நிமிடம் எல்லாரும் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவு அழகு. அடுத்த நிமிடம் தண்ணீர் எங்களைத் தூக்கியது. கூரைத் துணியைத் தாங்கும் இரும்புக் குழாய் மேல் பாறையில் இடித்து வளைந்தது. படகு பக்கவாட்டில் ஒதுங்கியபோது, விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரின் விரல்கள் பாறைக்கும் படகுக்கும் நடுவில் மாட்டின. இரண்டாவது அலைக்கும் மூன்றாவது அலைக்கும் இடையில் ஓட்டுநர் பின்னோக்கி எடுத்து எங்களை வெளியே கொண்டுவந்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் காயம்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். வேண்டாம் என்று முதலில் சொன்ன ஒரே மனிதர் அவர். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது நாங்கள், அப்புறம் அந்தப் போனின் மறுமுனையில் இருந்தவர்.

வழுவழுவென்று கிடந்த கடலில் அந்த அலை எங்கிருந்து வந்தது என்று பல நாள் யோசித்தேன். இப்போது ஓரளவு புரிகிறது. நாம் நிற்கும் இடத்தில் காற்றே வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வீசிய புயல் கிளப்பிய அலை, நாட்கணக்கில் பயணம் செய்து வந்து சேரும். நடுக்கடலில் அது தாழ்வாக, நீளமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நல்ல இடைவெளி விட்டு வருவதால் கண்ணுக்கே தெரியாது. கேரள மீனவர்கள் இப்படிச் சொல்லாமல் வருவதைக் ‘கள்ளக்கடல்’ என்பார்கள். இடைவெளி அதிகமான அலையில் வலுவும் அதிகம். அது ஒரே சீராகவும் வராது, கூட்டம் கூட்டமாக வரும். பல நிமிடங்கள் சாதுவாக இருக்கும், பிறகு மூன்று நான்கு பெரிய அலைகள் அடுத்தடுத்து வரும், மறுபடி அடங்கும். வாசலில் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகிறவர் அந்தச் சாதுவான நேரத்தை மட்டும்தான் பார்த்திருப்பார்.

குகையும் தன் பங்குக்கு அலையைப் பெரிதாக்குகிறது. பாறையில் விரிசலோ பலவீனமான பட்டையோ இருக்கும் இடத்தைத்தான் கடல் குடைகிறது. அலை மோதும்போது விரிசலுக்குள் அடைபடும் காற்று அழுந்தி, விலகும்போது விரிந்து, பாறையை உள்ளிருந்தே பெயர்க்கிறது. அதாவது ஒரு குகை இருக்கிறது என்றாலே, அலை தன் முழு வேகத்தையும் கொண்டுவந்து இறக்கும் இடம் அது என்று பொருள். உள்ளே போகப் போக இடம் குறுகினால் தண்ணீருக்குப் போக வழியில்லை, மேலே ஏறும். திறந்த கடலில் முழங்கால் உயரம் இருந்த அசைவு உள்ளே ஆள் உயரத்துக்குப் படகைத் தூக்கிவிடும். மேலே பாறை, பக்கத்தில் பாறை, திருப்ப இடமில்லை. கரையில் டிக்கெட் கிழித்துக்கொடுக்கும் மேசையிலிருந்து இது எதுவும் தெரியாது. வாசலில் நிற்கிறவருக்குத்தான் தெரியும், அதுவும் நின்று பார்க்க நேரம் கொடுத்தால்.

அந்த நேரம்தான் அரை நாள் பயணத்தில் இல்லை. காலைப் படகு மதியத்துக்குள் திரும்பினால்தான் மதியப் படகு கிளம்ப முடியும். நடுவில் மூன்று நிறுத்தம் என்றால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. அதில் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா நின்று அலையை எண்ணுகிற ஓட்டுநரை, நேரத்தை வீணாக்குகிறார் என்றுதான் பயணிகளும் நினைப்பார்கள், அலுவலகமும் நினைக்கும். ஆனால் அந்தப் பயணம் முழுவதிலும் அவர் செய்யும் மிக முக்கியமான வேலை அதுதான் என்று நான் நம்புகிறேன்.

உலகத்தில் ஆக அதிகமானோர் தேடிப் போகும் கடல் குகைகளில் ஒன்று இத்தாலியின் காப்ரி தீவில் இருக்கும் நீலக் குகை. வாசல் தண்ணீருக்கு மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்தான். பயணிகள் சிறு துடுப்புப் படகில் மல்லாந்து படுக்க, படகோட்டி பாறையில் பதித்திருக்கும் சங்கிலியைப் பிடித்து, அலை தாழும் நொடியில் இழுத்து உள்ளே போகிறார். வாசலுக்குக் கீழே தண்ணீருக்குள் இன்னொரு பெரிய திறப்பு இருக்கிறது. அதன் வழியாக வரும் வெளிச்சம்தான் குகை முழுவதையும் நீலமாக்குகிறது. 1826-ல் இரண்டு ஜெர்மானியர்கள் உள்ளூர் மீனவர் ஒருவர் வழிகாட்ட அதற்குள் போய்வந்த பிறகு அதன் புகழ் பரவியது. அன்றிலிருந்து இன்றுவரை அலை உயர்ந்தால் அங்கே நுழைய முடியாது. கடல் கடந்து வந்தவர்கள் துறைமுகத்தில் ‘இன்று மூடியிருக்கிறது’ என்று கேட்டுத் திரும்புவது அங்கே சகஜம். அதனால் காப்ரியின் பெயர் கெட்டுப்போகவில்லையே. தாய்லாந்தின் பாங் நா விரிகுடாவில் சுண்ணாம்புப் பாறைக்குள் ‘ஹோங்’ எனும் மறைவான குளங்கள் இருக்கின்றன. கயாக் எனும் சிறு துடுப்புப் படகில் போகும் அந்தப் பயணத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது ஓதம், அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம். தண்ணீர் ஏறினால் தலைக்கு மேல் இடமிருக்காது. கடலின் நேரத்துக்கு மனிதர் வளைந்துகொடுக்க முடியும் என்பதற்கு இவை போதும்.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

டிக்கெட் விலையைக் குகைக்கு ஒரு பங்கு, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு என்று பிரித்துப் போடுங்கள். குகை நடக்காத நாளில் அந்தப் பங்கைப் படகுத்துறையில் இறங்கியவுடன் கையில் கொடுத்துவிடுங்கள், யாரும் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். இது ஒன்று நடந்தாலே படகில் எழும் முணுமுணுப்பில் பாதி அடங்கிவிடும். காசு கொடுத்தோமே என்ற எண்ணம்தான் அன்று எங்களைப் பேசவைத்தது, என்னையும் சேர்த்துத்தான்.

குகைக்குப் போனாலும் போகாவிட்டாலும் ஓட்டுநருடைய கூலி ஒன்றாகவே இருக்கட்டும். அவர் வேண்டாம் என்றால் அதுவே கடைசிச் சொல். கரையில் இருப்பவர் போனில் அதை மாற்றக் கூடாது என்பதை எழுதி, படகிலேயே பயணிகள் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். எழுதியிருந்தால் அவர் எங்களோடு வாதாட வேண்டியதில்லை, விரலால் காட்டினால் போதும். கூடவே, தீவின் காற்று மறைவான பக்கத்தில் இன்னொரு நல்ல இடத்தையும் முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். குகை இல்லை என்றால் அங்கே கூடுதல் நேரம் நீந்தலாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டால் எந்தக் குழந்தையும் அழாது.

உள்ளே போகும் நாட்களில், நின்றபடி மிதக்கும்போது எஞ்சினை அணைத்துவிடச் சொல்லுங்கள். மூடிய இடத்தில் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அலைக்காக எஞ்சினை அணைக்கவே முடியாது என்கிற நாள் என்றால், அது உள்ளே போகக் கூடாத நாள். கூரைப் பாறையையும் யாராவது பருவத்துக்கு ஒருமுறையாவது நிமிர்ந்து பார்க்க வேண்டும். 2018-ல் கிரீஸின் நவாயோ கடற்கரையில் செங்குத்துப் பாறை சரிந்து, அது கிளப்பிய அலையில் படகுகள் கவிழ்ந்தன. 2022 ஜனவரியில் பிரேசிலின் ஃபுர்னாஸ் ஏரியில் பாறை ஒன்று சுற்றுலாப் படகுகள் மேல் விழுந்து 10 பேர் இறந்தார்கள். போர்ச்சுகலில் எல்லாரும் படம் எடுக்கும் பெனாகில் குகைக்குள் நீந்திப் போவதையும் உள்ளே மணலில் இறங்குவதையும் 2024-ல் தடை செய்தார்கள். படகுகள் போய்வரும் குறுகலான வாசலில் தண்ணீர் மட்டத்தில் இருக்கும் தலை ஓட்டுநருக்குத் தெரியாது. உங்கள் ஊரில் தடை வரும்வரை காத்திருக்காமல், குகை வாசலில் யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.

நீச்சலைப் பற்றி ஒன்று. “நீந்தத் தெரியாதவங்க கை தூக்குங்க” என்று இருபது பேர் நடுவில் கேட்டால் பலர் தூக்க மாட்டார்கள். என் அக்கா தூக்கவில்லை. டிக்கெட் கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள், தெரியாதவர்களுக்கு வேறு நிற லைஃப் ஜாக்கெட் என்றெல்லாம் வேண்டாம், எல்லாருக்கும் ஒரே ஜாக்கெட், எல்லாரும் போட்டுத்தான் இறங்க வேண்டும் என்று வையுங்கள். மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்பதும் உண்மையில்லை. ஃபிராங்க் பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர் 1970-களிலேயே இதைக் கவனித்து விளக்கினார். மூச்சுக்குத் தவிக்கும் உடம்புக்குக் குரல் எழுப்ப வராது, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், 20 முதல் 60 நொடிக்குள் ஆள் முங்கிவிடுவார். அதனால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்கென்று ஒருவர் வேண்டும். படம் எடுத்துக்கொடுப்பதும் பழம் நறுக்குவதும் அவர் வேலையாக இருக்கக் கூடாது.

கிளம்பும் முன் தலை எண்ணுங்கள், பெயர் சொல்லி எண்ணுங்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் முக்குளிக்கப் போன ஒரு தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்களுடைய பை படகில் கிடப்பதைப் பார்த்து ஆளைக் காணோம் என்று உணர இரண்டு நாள் ஆனது. அவர்கள் கிடைக்கவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. எண்ணுவதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

குகைகள் நமக்காக மட்டும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மத்திய தரைக்கடலின் துறவிச் சீல்கள் என்ற கடல் பாலூட்டிகள் ஒருகாலத்தில் திறந்த மணலில் குட்டி போட்டவை. மனிதத் தொல்லையால் குகைகளுக்குள் ஒதுங்கிவிட்டன. அப்படி எந்த உயிராவது ஒதுங்கியிருக்கும் குகை உங்கள் பாதையில் இருந்தால், அதன் ஈற்றுக் காலத்தில் பலகையிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.

இதெல்லாம் செய்தால் வருமானம் குறையும், பக்கத்துப் படகுக்காரர் ‘குகை நிச்சயம்’ என்று போட்டு ஆளை இழுத்துக்கொள்வார் என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானது, அதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஒருவர் மட்டும் செய்தால் அவருக்கு நஷ்டம்தான். அதனால் ஒரே துறையிலிருந்து கிளம்புகிற நீங்கள் எல்லாரும் சேர்ந்து பேசி ‘நிச்சயம்’ என்ற சொல்லை ஒரே நாளில் எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் மூத்த ஓட்டுநர்கள் இரண்டு மூன்று பேர் கூடி, இன்று குகை உண்டா இல்லையா என்று எல்லாப் படகுக்கும் சேர்த்துச் சொல்லட்டும். உண்டு என்று சொன்ன நாளிலும் வாசலில் நிற்பவருக்கு மறுக்கும் உரிமை இருக்கட்டும்.

எங்கள் பக்கமும் மாற வேண்டும். குகை பார்க்காமல் திரும்பியதற்காக ஒரு நட்சத்திரம் போட்டுத் திட்டி எழுதுகிறவர்கள் பயணிகள்தான். என்னால் முடிந்தது, எந்த ஓட்டுநராவது வாசல்வரை போய் வேண்டாம் என்று திருப்பிக்கொண்டு வந்தால், அவர் செய்தது சரி என்று ஐந்து நட்சத்திரம் போட்டு விவரமாக எழுதுவது. இதைப் படிக்கும் மற்றவர்களையும் அதைச் செய்யக் கேட்கிறேன்.

பலகையில் இப்படி எழுதிப் பாருங்கள்: ‘கடல் குகை: அலை அனுமதித்தால் மட்டும். முடிவு ஓட்டுநருடையது. போகாவிட்டால் குகைக்கான பணம் உடனே திரும்பக் கிடைக்கும்.’ அந்தப் பலகை இருக்கும் படகில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து ஏறுகிறேன்.

இப்படிக்கு,
அன்று படகில் ‘ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு வந்துடலாமே’ என்று கேட்டவள்