கடைமடை நிலத்தைத் தனியா அளந்து பின்தங்கிய வேளாண் பகுதின்னு அறிவிக்கக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், நாகப்பட்டினம் மாவட்டம்
அனுப்புநர்: தலைஞாயிறு பக்கத்து கடைமடை விவசாயிகள்

ஐயா, வணக்கம்.

நாங்க அடப்பாறு பாசனத்துல கடைசி மதகுக்கும் கீழ இருக்குறவங்க. டெல்டான்னாலே நெற்களஞ்சியம், முப்போகம்னுதான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. 2020ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தப்போ நாகை மாவட்டம் முழுசும் அதுல சேந்துச்சு, எங்களுக்கும் சந்தோஷம்தான், ஆனா டெல்டாக்குள்ளயே தலைமடை (தண்ணி மொதல்ல பாயிற நிலம்) வேற கடைமடை (கடைசியா பாயிற நிலம்) வேறங்குறத எந்தக் கணக்கும் பாக்க மாட்டேங்குது, அதுக்குத்தான் இந்த மனு.

போன சம்பாவுல பால் புடிக்கிற நேரத்துல மழை புடிச்சு பதினோரு நாள் தண்ணி வடியாம நின்னுச்சு. வடிகால்ல ஆகாயத்தாமரை, கடல்ல ஏத்தம், தண்ணி எங்க போவும்? ஒரு குத்து பயிரை புடுங்கிப் பாத்தா வேரெல்லாம் கறுத்து நாத்தம் அடிக்குது, கதிரை நெருடுனா வெறும் பதரு. மாவுக்கு (ஏக்கர்ல சுமார் மூணுல ஒரு பங்கு) 10 மூட்டை கண்ட வயல்ல 3 மூட்டை. பயிர் காப்பீட்டுக்கு மாதிரி அறுவடை பண்ண வந்தாங்க, வருவாய் கிராமத்துக்கு 4 எடம், ஒவ்வொண்ணும் 5 மீட்டருக்கு 5 மீட்டர், அதுல 3 எடம் ரோட்டுக்கு மேற்க மேட்டு வயல்ல விழுந்துச்சு. வந்தவங்கள குத்தம் சொல்லல, சர்வே நம்பரை குலுக்கித்தான் எடுக்குறாங்க. ஆனா நாலையும் கூட்டி வகுத்ததும் கிராமத்துக்கே இழப்பு இல்லன்னு ஆயிருச்சு.

இதைவிட கொடுமை ஒண்ணு இருக்கு. இழப்பை எதோட ஒப்பிடுறாங்கன்னா, கடந்த 7 வருசத்துல நல்லா வெளஞ்ச 5 வருசத்தோட சராசரியை எடுத்து, அதுல இத்தனை சதவீதம்னு ஒரு பங்கைத்தான் உத்தரவாத மகசூலா வைக்கிறாங்க, அதுக்குக் கீழ போனாத்தான் இழப்பீடு. அடிக்கடி அழியிற ஊருக்கு அந்த 5 வருசமே மட்டமாத்தான் இருக்கும். அப்போ எவ்வளவுக்கு எவ்வளவு நாங்க நட்டப்படுறோமோ அவ்வளவுக்கு அளவுகோலும் எறங்கிகிட்டே போவுது, கடைசில நாங்க அறுக்குற 3 மூட்டையே எங்களுக்கு வழக்கமான மகசூல்னு ஆயிரும் போலருக்கு.

வறட்சிக்கும் இதே கதிதான். மத்திய அரசோட 2016 வறட்சிக் கையேடு மொதல்ல மழைக்குறைவைத்தான் பாக்குது, எங்க வறட்சி இங்க பெய்யுற மழையில மட்டும் இல்லீங்க, மேட்டூர்ல இருக்கு. 2023ல ஜூன் 12 தொறந்த தண்ணிய அக்டோபர் 10ல நிறுத்துனாங்க, முறை வச்சு தண்ணி விடுறப்போ மொதல்ல காயிறது யாருன்னு உங்களுக்கே தெரியும். பேரிடர் நிவாரணத்துக்கோ 33 சதவீத சேதம் வேணும், அதையும் வயலுக்கு வயல் ஒழுங்கா நடந்து எழுதுனாத்தான் கெடைக்கும்.

வேளாண் கல்லூரில படிக்கிற எங்க ஊர் பொண்ணு ஒரு விசயம் சொல்லுச்சு. ஐரோப்பிய யூனியன்ல (அப்போ ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம்) 1975லேருந்தே கஷ்டமான நிலத்துல பயிர் பண்றவங்களுக்கு தனி உதவித்தொகை இருக்காம், 2013ல விதியை மாத்தி குளிர், வறட்சி, சரிவு, வடிகால் இல்லாமை, மண்ணுல உப்புன்னு எட்டு இயற்கைக் குறைய வச்சு நிலத்தைப் பிரிச்சாங்களாம். வடிகால், உப்பு ரெண்டுமே எங்களுக்கு இருக்கு! மண்ணுல உப்புக்கு அவங்க வச்ச அளவு மின்கடத்துதிறன் (உப்பு கூடக் கூட இது ஏறும்) மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸ், மின்கடத்துதிறன் எவ்வளவுன்னு நம்ம மண்வள அட்டையிலயே அச்சாகி வருது, புதுசா மெஷின் வாங்க வேண்டியதில்ல. ஆனா அங்கயும் ஒரு உள்ளூர் பகுதியோட விவசாய நிலத்துல 60 சதவீதம் அப்படி இருந்தாத்தான் சேப்பாங்களாம், அதை மட்டும் இங்க கொண்டுவந்துறாதீங்க, எங்க கிராமத்துல பாதி மேடு பாதி பள்ளம், நாங்க மறுபடியும் வெளியிலதான் நிப்போம்.

அதனால கிராமத்தை விட்டுட்டு மதகுவாரியா, வாய்க்கால்வாரியா கணக்கெடுங்க. மண்வள அட்டை உப்பு அளவு, சம்பாவுல தண்ணி நின்ன நாள், கடைசி மதகுக்கு தண்ணி வந்து சேந்த தேதி, இந்த மூணையும் வச்சு கடைமடை நிலத்தை பின்தங்கிய வேளாண் பகுதின்னு அறிவிக்க அரசுக்கு பரிந்துரை அனுப்பணும். இந்த சம்பாவுலேருந்தாவது மாதிரி அறுவடையில மேட்டுக்கு தனி, பள்ளத்துக்கு தனின்னு எடம் ஒதுக்கச் சொல்லி நீங்க எழுதணும்.

சித்திரையில ஒரு தடவ நேர்ல வாங்க ஐயா, வரப்பு ஓரமெல்லாம் உப்பு வெள்ளையா பூத்துக் கெடக்கும், கையால வழிச்சே எடுக்கலாம். அடங்கல், மண்வள அட்டை நகல் எல்லாம் இத்தோட இணைச்சிருக்கோம்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயிகள்