மேகம் பார்க்கப் பிள்ளைகளை முற்றத்துக்கு அழைத்து வாருங்கள்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலமான இந்த நாள்களில், மேகங்களைப் பற்றிய பாடத்தைக் கரும்பலகையில் வரைந்து முடித்துவிடாமல், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் கால்மணி நேரமாவது முற்றத்தில் நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் செய்ய வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உயரத்தில் இறகுபோல் தெரியும் கீற்று மேகம் பனித்துகள்களால் ஆனது என்பதையும், பஞ்சுப் பொதி போன்ற திரள் மேகம் சிறிதாக இருக்கும்வரை மழை தராது என்பதையும், அதுவே பத்து கிலோமீட்டருக்கும் மேல் கோபுரமாக வளர்ந்து அடி கறுத்தால் இடியோடு கொட்டும் என்பதையும் பிள்ளைகள் கண்ணால் கண்டே கற்றுக்கொள்வார்கள்.

மேகங்களை இப்படி வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தும் முறையை 1802-இல் லண்டனில் வானிலை ஆர்வலர் லூக் ஹோவர்டு முன்வைத்தார். முகில், கொண்டல், எழிலி, கார் என்று நாம் வைத்திருக்கும் பெயர்களையும் அதனுடன் சேர்த்துச் சொன்னால் பாடம் மனத்தில் தங்கும்.

“மேகம் ஏன் கறுக்கிறது?” என்று கேட்காத குழந்தை இல்லை. அழுக்கு என்றோ புகை என்றோ சொல்லிவிடாமல், நீர்த்துளிகள் அடர்ந்து தடித்த மேகத்தின் வழியே வெயில் கீழே வர முடியவில்லை என்று விளக்க வேண்டும்.

இடியோசை கேட்டவுடன் பிள்ளைகளை வகுப்பறைக்குள் அழைத்துச் சென்றுவிட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
மயிலாடுதுறை.