மறுபடியும் மாடு வரைந்தேன்

மாப்ளே,

ஆறு மாசமாக நீ போன் போட்டும் எடுக்காததற்கு முதலில் நாலு திட்டு திட்டிவிட்டு மேலே படி. தங்கச்சி, பேரன் எல்லாம் சௌக்கியம்தானே? இங்கேயும் எல்லாரும் நலம், என்னைத் தவிர.

பெருங்குடலில் கட்டி. தை மாசம் அறுத்து எடுத்துவிட்டார்கள். இப்போது கோயமுத்தூரில் கீமோ, 15 நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் 12, அதில் 7 முடிந்தது. சொன்னால் நீ அழுவாய், உன்னைத் தேற்றுகிற தெம்பு எனக்கில்லை, அதனால்தான் சொல்லவில்லை. உன் வாய்க்கு விஷயம் போனால் பொழுது சாய்வதற்குள் பவானி பூராத் தெரிந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

மருந்தில் ஒன்று, ஆக்சாலிபிளாட்டின் என்று பேர், அது ஏறினால் சில்லென்று எதைத் தொட்டாலும் விரல் நுனியில் கரண்ட் அடிக்கும். சித்திரை வெயிலில் ஊரே மோர் குடிக்கிறது, நான் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரி, அதைப் புலம்ப இந்தக் கடிதம் இல்லை.

மூன்றாவது தடவை போனபோது ஒரு பொண்ணு, நம்ம பெரியவள் வயசுதான் இருக்கும், கலர் டப்பாவும் காகிதமும் கொண்டுவந்து ஆர்ட் தெரபி என்றாள், படம் வரையவைத்து மனசைத் தேற்றுகிற வைத்தியமாம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏனுங் அம்மிணி, நான் என்ன பால்வாடிப் புள்ளையா?" என்றேன். சிரித்துவிட்டு, "இது கட்டியக் கரைக்காதுங்க, அதுக்குத்தான் அந்த பாட்டில் தொங்குது. இங்க உக்கார்ற நாலு மணி நேரத்துக்குத்தான் இது" என்றாள். லேகியம், கழுதைப்பால் என்று வீடு தேடி வந்தவன் எல்லாம் கரைந்துவிடும் கரைந்துவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். கரைக்காது என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். அதற்காகவே வாங்கிக்கொண்டேன்.

மாடு வரைந்தேன். சிரிக்காதே. நம்ம பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் இருந்திருந்தால் இது மாடுதானா என்று மறுபடியும் கேட்டிருப்பார். இவள் கேட்கவில்லை. நல்லாயிருக்கு என்றும் சொல்லவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "இந்த மாடு எங்கீங்க போகுது?" என்றாள். சந்தைக்கு என்று சொல்லி முடிப்பதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது, மாப்ளே. வலிக்கிறதா, வெளிக்குப் போனீங்களா என்பதைத் தாண்டி அந்தக் கட்டடத்தில் அதுவரை யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை. பயமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவை வாய்விட்டுச் சொன்னேன், அதுவும் மாட்டைப் பார்த்துக்கொண்டே.

பிடிப்பதற்குத் தோதாக பிரஷ் காம்பில் துணி சுற்றித் தருகிறாள், கழுவுகிற தண்ணியும் வெதுவெதுப்பாகத்தான் வைக்கிறாள், ஏசி அறையில் பச்சைத்தண்ணி எனக்கு ஆகாதில்லையா. பக்கத்துக் கட்டிலில் காங்கேயத்து ஆத்தா ஒன்று, கலரெல்லாம் வேண்டாம் என்று பேனாவால் புள்ளிக்கோலம் போடுகிறது. நர்ஸ் ஊசியோடு வந்து நின்றால் "இந்தக் கோடு சேரட்டும், இரு கண்ணு" என்று நிறுத்திவைக்கிறது. அந்த அறையில் நர்ஸைக் காக்கவைக்கிற ஒரே ஆள். ஒரு பையன் காகிதம் முழுக்கக் கறுப்பை அப்புவான், அவ்வளவுதான். அவனை அவள் ஒரு வார்த்தை திருத்துவதில்லை.

அவள்தான் ஒரு கதை சொன்னாள். இங்கிலாந்தில் அட்ரியன் ஹில் என்று ஒரு ஓவியர், 1938-ல் காசநோயோடு சானடோரியத்தில் படுத்துக்கிடந்தபோது படுக்கையிலேயே வரைந்து, அப்புறம் மற்ற நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தாராம். ஆர்ட் தெரபி என்கிற பேரும் 1942-ல் அவர் வைத்ததுதானாம். அதைக் கேட்டதும் பெருந்துறை சானடோரியத்தில் கிடந்த என் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் கையில் யாராவது ஒரு பென்சிலைக் கொடுத்திருந்தால் அத்தனை பீடி குடித்திருக்க மாட்டாரோ என்னவோ.

இப்போது காகிதத்தில் ஜமக்காளம் வரைந்துகொண்டிருக்கிறேன். செவப்பு, பச்சை, மஞ்சள் பட்டை. விரல் மரத்ததில் கோடு பாம்பு மாதிரி நெளிகிறது. குழித்தறியில் உட்கார்ந்திருந்த எங்கப்பா பார்த்தால், பிரிச்சுப்போட்டு மறுபடி நெய்டா என்பார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எட்டாவது. நீ வா. உனக்கும் ஒரு காகிதம் தரச்சொல்லியிருக்கிறேன், அழுவதென்றால் அதைப் பார்த்து அழு. வரும்போது வழக்கம்போல இளநியை ஐஸில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே.