கை பழகட்டும், பிறகு ஃபெல்லோஷிப்: கண் மருத்துவ முதுநிலைப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் 28 வருடமாகக் கண் அறுவை செய்துவருகிறேன். போன தை மாதம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எழுபதைத் தாண்டிய பாட்டி ஒருவர். மூன்று நாளாகத் தலைவலி, வாந்தி. பித்தம் என்று நினைத்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். வந்தபோது இடது கண் செக்கச்செவேலென்று இருந்தது. டார்ச் அடித்தால் கண் பாப்பாவுக்குள் முத்துப்போல வெள்ளை. வருடக்கணக்கில் முற்றவிட்ட புரை உப்பிப்போய், கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் வழியை அடைத்துவிட்டது. கண்ணின் அழுத்தம் 50ஐத் தொட்டிருந்தது. மருந்து கொடுத்து இறக்கியாயிற்று. அடுத்து புரையை எடுத்தாக வேண்டும். நான் வெளியூரில் இருந்தேன். பணியிலிருந்த இளம் மருத்துவர் நன்றாகப் படித்தவர், ஃபெல்லோஷிப் என்கிற தனித்துறைப் பயிற்சியும் முடித்தவர். போனில், "சார், இது பேக்கோவுக்கு ஒத்துவராது. எஸ்.ஐ.சி.எஸ். நான் தனியா பண்ணினதில்ல. மேல அனுப்பிடட்டுமா?" என்றார். பேக்கோ என்பது புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுப்பது; எஸ்.ஐ.சி.எஸ். என்பது சிறு வெட்டு வழியாகக் கையாலேயே எடுப்பது. வலியோடு பாட்டி மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனார்.

அந்த மருத்துவர் மேல் எனக்கு வருத்தமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதுவே பெரிய குணம். அவரை அப்படிப் பழக்கிய முறை மேல்தான் வருத்தம்.

என் ஆசிரியர்கள் புரையை உறையவைத்து முழுசாக இழுத்தெடுத்து, சோடாபாட்டில் கண்ணாடி மாட்டி அனுப்பிய தலைமுறை. நாங்கள் லென்ஸ் வைத்துத் தையல் போட்டோம். பிறகு தையலே வேண்டாத எஸ்.ஐ.சி.எஸ். வந்தது. 1992இல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் லென்ஸ் செய்யத் தொடங்கிய பிறகு கேம்ப் நோயாளிக்கும் நல்ல லென்ஸ் எட்டும் விலையில் கிடைத்தது. அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மன் 1967இலேயே செய்துகாட்டிய பேக்கோ எங்கள் ஊர்ப்பக்கம் சாவகாசமாகத்தான் வந்து சேர்ந்தது. இன்று கேட்பவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள், "லேசர்" என்ற பெயரில். அது லேசர் இல்லையம்மா, அல்ட்ராசவுண்ட் என்று சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன்.

பேக்கோ அருமையான முறை. நானும் தினம் செய்கிறேன். ஆனால் கருங்கல்லாக இறுகிய புரையை அதில் உடைக்க அதிக சக்தி கொடுக்க வேண்டியிருக்கிறது. கருவிழியின் உள்பக்கத்து அணுக்கள் அதில் அடிபடும். போனால் அவை மறுபடி வளராது. எஸ்.ஐ.சி.எஸ். முறையில் வெள்ளைவிழியில் ஆறேழு மில்லிமீட்டருக்கு ஒரு சுரங்கம் வெட்டி, புரையை முழுசாக வெளியே கொண்டுவந்துவிடலாம். பெரிய மெஷின் வேண்டாம். நேபாளத்தில் 108 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பார்வையில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். நேரம்தான் வேறு: கையால் செய்ததற்கு 9 நிமிடம், பேக்கோவுக்குப் பதினைந்தரை. அதாவது இது ஏழைக்கு என்று ஒதுக்கிய இரண்டாம்தர வைத்தியம் அல்ல. ஆனால் உங்கள் மாணவர்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

என்னிடம் வேலை கேட்டு வருபவர்களைப் பார்க்கிறேன். எம்.எஸ். முடித்த கையோடு ரெட்டினா (விழித்திரை), கார்னியா (கருவிழி), பேக்கோ-ரிஃப்ராக்டிவ் (புரையும் கண்ணாடி பவர் நீக்கலும்) என்று ஒன்றைப் பிடித்துவிடுகிறார்கள். ரெட்டினாவுக்குக் கூட்டம் சேர்வது நியாயம்தான், வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய். ஆனால் அதிலும் கண்ணுக்குள் ஊசி போடுவதோடு நின்றுவிடுபவர்கள் உண்டு. குழந்தைக் கண், மாறுகண், இமை, கண்ணீர்ப்பை பக்கம் வருபவர்களை விரல்விட்டு எண்ணலாம். காசு குறைவு, நேரம் அதிகம், அழுகிற குழந்தை வேறு! குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்த முப்பது நாளுக்குள் பார்த்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பார்க்க ஆள்தான் இல்லை.

கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் கிளாக்கோமா கதை இன்னும் மோசம். 1968இல் டாக்டர் கெய்ர்ன்ஸ் எழுதிவைத்த டிராபெகுலெக்டமியை, அதாவது கண் நீர் வடிய வழி வெட்டிவிடும் அறுவையை, மாணவர்கள் பார்த்திருக்கிறார்கள், செய்ததில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவரிடம் மாதாமாதம் மூன்று பாட்டில் சொட்டுமருந்து எழுதிக்கொடுக்கிறோம். இரண்டு மாதம் போடுவார், மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவார். நேரத்தோடு ஓர் அறுவை செய்திருந்தால் அவருக்குப் பார்வை மிஞ்சியிருக்கும்.

தனித்துறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புரை உடைந்து பின்னால் விழுந்துவிட்டால் நானும் ரெட்டினா சர்ஜனிடம்தான் ஓடுகிறேன். கண்ணின் ஒரு மூலைக்குப் போகும் முன் முழுக்கண்ணிலும் கை பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் பரீட்சையைப் பாருங்கள். நோயாளியைச் சோதித்து விளக்கும் நீள் கேஸ், குறுங் கேஸ், கருவிகளை மேசையில் பரப்பி வைத்துக் கேள்வி. தேர்வரின் கை எப்படி நகர்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மாணவர் செய்த அறுவைகளைக் குறிக்கும் லாக்புக்கில் "உதவினார்" என்பதும் "செய்தார்" என்பதும் ஒரே மையில் எழுதப்படுவது நமக்கெல்லாம் தெரிந்த ரகசியம். அமெரிக்காவில் பயிற்சி முடிக்கும் முன் முதன்மை சர்ஜனாக நின்று குறைந்தது 86 புரை அறுவை செய்திருக்க வேண்டும். அந்த எண்ணிக்கையே நமக்கும் வேண்டும் என்றில்லை. கேம்ப் நோயாளிகள் நம்மிடம் அதிகம், கூடுதலாகவே கேட்கலாம். அதில் பாதியாவது எஸ்.ஐ.சி.எஸ். ஆக இருக்கட்டும். கிழிந்த கருவிழியைத் தைப்பதையும், சில டிராபெகுலெக்டமிகளையும் கணக்கில் சேருங்கள். மூன்றாம் வருடத்தில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எங்கள் தியேட்டர் மைக்ரோஸ்கோப்பில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற குழாய் வருடம் முழுக்கச் சும்மாதான் கிடக்கிறது. செவ்வாய், வியாழன் கேம்ப் நாள். இரண்டு பேரை அனுப்பினால் நான் பொறுப்பு.

பரீட்சையன்று நோயாளியை மேசையில் கிடத்திச் சோதிக்க முடியாது என்பீர்கள், சரிதான். காலையில் கறிக்கடைக்கு ஆளனுப்பி ஆட்டுக்கண் வாங்கிவரச் சொல்லுங்கள். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் ஒன்றை வைத்து, கருவிழியில் ஒரு கீறல் போட்டு, முடியைவிட மெல்லிய பத்து-பூஜ்யம் நைலான் நூலில் ஐந்து தையல் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

இப்படிக்கு,
மாவட்டக் கண் மருத்துவர் ஒருவர்